ஆய்வுக்கூடத்திலிருந்து இன்சுலின் குப்பி வரை: ஹெர்பர்ட் பாயர்

இன்சுலின் போட்டுக்கொள்ளுமாறு மருத்துவர் கூறியதும், "இது விலங்கிலிருந்து எடுப்பதா?" என்று தயங்குவோர் உண்டு. ஒரு காலத்தில் அது நியாயமான ஐயமே. 1922 முதல் ஏறத்தாழ 60 ஆண்டுகள் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. 51 அமினோ அமிலங்கள் கொண்ட மனித இன்சுலினிலிருந்து பன்றி இன்சுலின் ஓரிடத்திலும் மாட்டு இன்சுலின் மூன்று இடங்களிலும் வேறுபடும். இதனால் சிலருக்கு ஒவ்வாமை ஏற்பட்டது.

இந்நிலையை மாற்றியவர்களுள் ஒருவர், சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் அறிஞர் ஹெர்பர்ட் பாயர். 1973இல் அவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி கோஹனும் ஓர் உயிரின் மரபணுத் துண்டை வெட்டி, பாக்டீரியாவினுள் பொருத்திப் பெருக்கிக் காட்டினர். அப்படியானால் மனிதப் புரதத்தையும் பாக்டீரியா உருவாக்கித் தருமன்றோ?

1976இல் முதலீட்டுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் ஸ்வான்சன் இக்கேள்வியுடன் பாயரை நாடினார். இருவரும் ஆளுக்கு 500 டாலர் இட்டு ஜெனென்டெக் நிறுவனத்தைத் தொடங்கினர். பேராசிரியர் வணிகத்தில் இறங்கலாமா எனச் சக அறிஞர் பலர் கடிந்தனர். பாயர் பேராசிரியர் பணியையும் விடவில்லை, முயற்சியையும் கைவிடவில்லை.

முதலில் 14 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சொமட்டோஸ்டாட்டின் என்னும் சிறு ஹார்மோனில் 1977இல் வெற்றி கிட்டியது. மறு ஆண்டு, சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ மையத்தின் ஆர்தர் ரிக்ஸ், கெய்ச்சி இத்தாகுரா ஆகியோருடன் இணைந்து, இன்சுலினின் இரு சங்கிலிகளும் பாக்டீரியாவில் தனித்தனியே உருவாக்கப்பட்டு ஒன்றாக இணைக்கப்பட்டன. எலி லில்லி நிறுவனம் அதனைப் பெருமளவில் தயாரித்தது. 1982இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. மரபணு மாற்றத் தொழில்நுட்பத்தால் உருவாகி விற்பனைக்கு வந்த முதல் மருந்து இதுவே.

இன்று பயன்படும் இன்சுலின் பெரும்பாலும் பாக்டீரியா அல்லது ஈஸ்ட் வழியே உருவாவதே. தூய்மைப்படுத்தப்பட்ட மருந்தில் அந்நுண்ணுயிரிகள் இருப்பதில்லை. இன்சுலின் பழக்கத்திற்கு அடிமையாக்கும் பொருளும் அன்று. உடலில் இயல்பாகச் சுரக்க வேண்டியதை ஈடுசெய்வதே அதன் பணி. ஆகவே, ஐயம் எழுந்தால் மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெறுக. முதல் வகை நீரிழிவு உடையோர் அதனை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகும்.