மனம் இசைகிறதா?

நிக்காஹ் பேசும்போது மஹர் எவ்வளவு, விருந்து எங்கே, எத்தனை பேர் வருவார்கள் என்பதெல்லாம் நம் வீடுகளில் நாட்கணக்கில் பேசப்படுகின்றன. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஒருவர்மீது ஒருவருக்கு மனம் செல்கிறதா என்ற கேள்வி மட்டும் நாணத்துக்கு மாறானதென ஒதுக்கப்படுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஒதுக்கவில்லை.

முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்கள் ஓர் அன்சாரிப் பெண்ணை மணம் பேச விரும்பினார்கள். போய்ப் பெண்ணைப் பார்க்கும்படியும், இருவருக்குமிடையே இணக்கம் நிலைக்க அதுவே ஏற்றதென்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். பெண்ணின் பெற்றோருக்கு இது பிடித்ததாகத் தெரியவில்லை. திரைக்குப் பின்னிருந்து பெண்ணே பேசினார்: அல்லாஹ்வின் தூதர் சொல்லியிருந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் கூடாது என்றார். முகீரா பார்த்தார்கள், மணந்தார்கள், அந்த இணக்கத்தைப் பின்னர் எடுத்தும் சொன்னார்கள். இது இப்னு மாஜாவில் உள்ளது.

'கட்டி வைத்தால் பழகப் பழகப் பிடித்துவிடும்' என்பார்கள் நம் பெரியவர்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. அடிக்கடி காணும் ஒன்றின்மீது விருப்பம் வளர்வதை 1968-ல் மனவியல் அறிஞர் ராபர்ட் ஸயன்ஸ் ஆய்ந்து காட்டினார். ஆனால் தொடக்கத்திலேயே வெறுப்பு இருந்தால், மேலும் மேலும் காண்பது விருப்பத்தைத் தராமல் போவதும் உண்டு எனப் பின்வந்த ஆய்வுகள் கூறின.

பரீரா (ரலி) அவர்களின் வரலாறு புகாரியில் இருக்கிறது. அடிமையாயிருந்த அவரை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாங்கி விடுதலை செய்தார்கள். அடிமையான கணவர் முகீதுடன் வாழ்வதா, பிரிவதா என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்குக் கிடைத்தது. அவர் பிரிந்தார். முகீது மதீனாவின் தெருக்களில் அவர் பின்னே அழுதுகொண்டே அலைந்தார். கண்ணீர் தாடியில் வழிந்தது. அவருடைய அன்பையும் பரீராவின் வெறுப்பையும் கண்டு நாயகம் (ஸல்) அவர்களே வியந்தார்கள். அவரிடம் திரும்பிச் செல்லலாமே என்று பரீராவிடம் சொன்னார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்றார் பரீரா. அத்துடன் முடிந்தது. நாயகம் (ஸல்) அவர்களின் பரிந்துரையைக்கூட ஏற்காமலிருக்க ஒரு பெண்ணுக்கு இடமிருந்தது. அவர்மீது கோபமும் இல்லை. நம் வீட்டில் வாப்பாவின் விருப்பம் பரிந்துரையாகவா வருகிறது?

கன்னிப் பெண்ணை மணமுடித்து வைக்க, சில நிபந்தனைகளுடன், ஷாபிஈ மத்ஹபில் தந்தைக்கு உரிமை உண்டு. அங்கும் அவளிடம் அனுமதி கேட்பது சுன்னத்தே. கன்னியின் மௌனம் சம்மதம் என்ற ஹதீதை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். அதற்குமுன் அவளைக் கேட்க வேண்டும் என்று அதே ஹதீதில் உள்ளதைத்தான் மறந்துவிடுகிறோம்.

வகீலும் இரு சாட்சிகளும் உள்ளே வந்து கேட்பது நிக்காஹ் நாளில். பந்தல் போட்டு, விருந்தும் தயாரான பிறகு எந்தப் பெண் 'வேண்டாம்' என்பாள்? பேச்சு முடிக்கும் முன்னரே உம்மாவோ நன்னியோ தனியே உட்கார்த்தி வைத்துக் கேட்கட்டும். 'வேண்டாம்' என்றால் வீட்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டுக் கேட்கட்டும்.