மருந்துப் பெட்டியும் சில நம்பிக்கைகளும்

பெங்களூருக்கு ரயிலேறிப் போகிற மகனும், ஓசூர்த் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வருகிற மருமகளும், தக்காளித் தோட்டத்தை விட்டு நகராத பெரியவர்களும் ஒரே கூரையின்கீழ் வசிக்கும் ராயக்கோட்டைக் குடும்பங்களில், ஆரம்ப சுகாதார நிலையம் தந்தது, ஈ.எஸ்.ஐ.யில் வாங்கியது, பெங்களூர் டாக்டர் எழுதியது, மெடிக்கலில் கேட்டு வாங்கியது என நான்கு வழிகளில் வந்த மாத்திரைகள் ஒரே டப்பாவில் சேர்ந்துவிடுவது சகஜம். அந்த டப்பாவைச் சுற்றி வளர்ந்துள்ள நம்பிக்கைகளுள், பெயர் வேறானால் மருந்தும் வேறு என்பதே மிக அபாயகரமானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று, இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ஆரம்பமாயிற்று. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் அன்று முதல் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அவ்வாறு வரும் ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினையும், பெங்களூரில் வேறொரு வர்த்தகப் பெயரில் எழுதித் தரப்பட்ட அதே அம்லோடிபினையும், அரசு மாத்திரைக்கு வீரியம் குறைவு என்று தாமே தீர்மானித்துக்கொண்டு, காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக விழுங்கும் முதியவருக்குக் கால் வீக்கமும் தலைசுற்றலும் ஏற்பட்டால், அதை வயதின் தளர்ச்சி என்றுதான் வீட்டார் எண்ணுவார்கள். சர்க்கரை மாத்திரை இவ்விதம் இரட்டித்தாலோ, வியர்த்து மயங்கி விழவும் நேரலாம். 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், தான் கொள்முதல் செய்யும் மருந்துகளைப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகே விநியோகிக்கிறது. ஆகவே வீரியக் குறைவு என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. அட்டையின் நிறத்தையும் வர்த்தகப் பெயரையும் மறந்து, அதில் அச்சிட்டுள்ள மூலப்பொருளின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் படித்து, ஒரே பெயருள்ளவற்றை ஒன்றாக அடுக்குவதே பெட்டியைச் சீர்படுத்தும் முதற் காரியம்.

தேதி முடியாத மருந்து தீங்கு செய்யாது என்பது அடுத்த நம்பிக்கை. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளின் உயிரைப் பறித்த 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது; தமிழ்நாட்டு அதிகாரிகளின் பரிசோதனையில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் விஷம் காணப்பட்ட எஸ்ஆர்-13 என்ற தொகுதியின் காலாவதி 2027 ஏப்ரல் என்றே குறிக்கப்பட்டிருந்தது. ஆதலால் தேதி மட்டுமன்றித் தொகுதி எண்ணும் அவசியம். லேபிள் கிழிந்த பாட்டிலையும், தேதியுள்ள முனை வெட்டப்பட்ட அட்டையையும் வைத்திருப்பதில் பிரயோஜனமில்லை. மாதமும் ஆண்டும் மட்டும் அச்சிட்டிருந்தால் அம்மாதத்தின் கடைசி நாள் வரை உபயோகிக்கலாம். ஆனால், தண்ணீர் கலந்த குழந்தைகளின் ஆன்டிபயாட்டிக் சிரப்புகள் பலவற்றின் ஆயுள், பாட்டிலில் எந்த ஆண்டு போட்டிருந்தாலும், பெரும்பாலும் ஒரு வாரமே.

ஃபிரிட்ஜில் வைத்தால் எல்லா மருந்தும் கெடாதிருக்கும் என்பதும் சரியன்று. திறவாத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சி தேவை. சாதாரண மாத்திரைக்கு அங்குள்ள ஈரமே பகை. அடுப்பங்கரை அலமாரியும் அதற்கு உகந்ததன்று. இவ்வூரில் இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும்: தக்காளிக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் காலி டானிக் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் உயிரைக் கொண்டுபோகக்கூடியது, அதை இன்றே கைவிட வேண்டும்.

மிச்சமான ஆன்டிபயாட்டிக்கை அடுத்த காய்ச்சலுக்கென்று சேமித்து வைப்பதைச் சிக்கனம் என்கிறார்கள். ஆனால், அதன் அட்டையில் ஓடும் செங்கோடு, மருத்துவரின் சீட்டின்றி உட்கொள்ளாதே என்று எச்சரிப்பதற்காகவே இடப்பட்டது.

கழிக்க வேண்டியவற்றையெல்லாம் கழிவறையில் கொட்டுவதும் தவறே. மத்திய மருந்துத் தர அமைப்பு 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஃபென்டனில், டிரமடால், டயசிபாம் உள்ளிட்ட 17 மருந்துகளை மட்டுமே அவ்வாறு அகற்றச் சொல்கிறது. மற்றவற்றைத் திரும்பப் பெறும் ஏற்பாடு கேரளத்தில் கோழிக்கோட்டில் தொடங்கியிருக்கிறது. இங்கும் அது வரும்வரை, மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய டீத்தூளோடு கலந்து, உறையிலிட்டுக் கட்டிக் குப்பையில் சேர்ப்பதே உத்தமம்.

ஒரே மருந்து இரு பெயர்களில் அகப்பட்டால், நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம். இரண்டு அட்டைகளையும் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் எடுத்துச் சென்று, எதைத் தொடர்வது என்று கேளுங்கள்.