கை நடுங்கினால் கோளாறு கையில் இல்லை!

(இரண்டாமாண்டு மாணவர், மின்னியல் பிரிவு)



மோட்டார் ஓடவில்லை என்றால் உடனே மோட்டாரையா கழற்றுகிறோம்? சப்ளை வருதா, ஸ்டார்ட்டர் சரியா, ஒயர் அறுந்திருக்கா என்றுதான் முதலில் பார்க்கிறோம். உடம்பும் அப்படித்தான். கை, கால் வெறும் மோட்டார். கட்டளை போடுவது மூளை. கொண்டு போவது நரம்பு. 'வயசாயிட்டா அப்படித்தான்' என்று நம் வீடுகளில் விட்டுவிடும் நோய்களில் மூன்றை இங்கே பார்ப்போம்.

1. பார்க்கின்சன் நோய் (நடுக்குவாதம்)

1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதை விவரித்து எழுதினார். மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் வருகிறது.

அறிகுறிகள்: கை சும்மா மடியில் இருக்கும்போது நடுங்கும், பொருளை எடுக்கப் போனால் குறையும். பெரும்பாலும் ஒரு பக்கமாகத் தொடங்கும். நடை மெதுவாகும். நடக்கும்போது ஒரு கை வீசாது. உடம்பு விறைக்கும். கையெழுத்து வரவரச் சின்னதாகும். சிலருக்கு நடுக்கமே இருக்காது.

அடியோடு குணமாக்க மருந்து இல்லை. ஆனால் 1960-களில் வந்த லெவோடோபா மருந்து இன்றும் நன்றாகக் கைகொடுக்கிறது. நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

2. எசென்ஷியல் ட்ரெமர்

இது நேர் எதிர். சும்மா இருந்தால் நடுங்காது. டம்ளரைத் தூக்கினால், கையெழுத்துப் போட்டால் நடுங்கும். பலருக்குப் பரம்பரையாக வரும். எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு இப்படித்தான். டீ தளும்புவதைப் பார்த்து 'குடிகாரன்' என்று பேசினார்கள். அவர் குடியைத் தொட்டதே இல்லை. இதற்கும் மாத்திரை உண்டு.

3. பக்கவாதம்

இது திடீரென்று வரும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும், அல்லது வெடிக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை, பீடி, சிகரெட் முக்கியக் காரணங்கள். வாய் ஒரு பக்கம் கோணும், ஒரு கை தூக்க வராது, பேச்சு குழறும். உடனே 108-க்கு போன் செய்யுங்கள். ஸ்கேன் எடுத்து, அடைப்புதான் என்றால், அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தால் அந்த நேரம் போய்விடும்.

நமக்கும் ஒரு எச்சரிக்கை

வெல்டிங் புகையில் மாங்கனீசு இருக்கிறது. அது உடம்பில் அதிகமாகச் சேர்ந்தால் பார்க்கின்சன் போலவே நடை தள்ளாடும். மாங்கனீசுத் தாது அரைத்த தொழிலாளர்களிடம் 1837-லேயே ஸ்காட்லாந்தில் இதைக் கண்டார்கள். நாளை வேலைக்குப் போகும் இடத்தில், காற்றோட்டம் இல்லாத அறையிலோ டேங்குக்குள்ளோ வெல்டிங் செய்யச் சொன்னால், 'எக்ஸாஸ்ட் ஃபேன் எங்கே?' என்று கேளுங்கள்.

முடிவாக

நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைப் படிப்பதும், டாக்டரிடம் பேசுவதும் நாமதான். போகும்போது ஒரு தாளில் நாலு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போ ஆரம்பிச்சது? எந்தப் பக்கம்? சும்மா இருக்கும்போதா, வேலை செய்யும்போதா? இப்போ என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க? வாந்திக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் நடுக்கம் வரும் என்பதால் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

ஃபால்ட் எங்கே என்று டாக்டர் கண்டுபிடிக்க அந்த ஒரு தாள் பெரிய உதவி.