பெட்ரா நகரும் பெயரில்லாத வழிகாட்டியும்

பழைய நகரங்களைப் பற்றிப் படிக்கும்போது, 'கண்டுபிடித்தவர் யார்?' என்ற கேள்வியும் அதற்குரிய பெயரும் நமக்கு மனப்பாடமாகிவிடுகின்றன. ஜோர்டான் நாட்டின் தென்பகுதியிலுள்ள பெட்ராவுக்குத் தரப்படும் விடை: சுவிட்சர்லாந்துப் பயணி பர்க்ஹார்ட், 1812. இவ்விடை சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நபாத்தியரின் தலைநகரம்

பெட்ராவைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர்கள் நபாத்தியர் எனும் அரபு இனத்தவர் ஆவர். சாம்பிராணி போன்ற நறுமணப் பொருள்களை ஒட்டகங்களில் கொண்டு சென்ற வணிகத்தால் இவர்கள் செழித்தனர். கி.பி. 106இல் ரோமப் பேரரசு இந்நாட்டைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. கி.பி. 363இல் ஏற்பட்ட நிலநடுக்கம் நகரின் பல கட்டடங்களைச் சிதைத்தது.

நடந்து பார்க்க வேண்டிய நகரம்

நகருக்குள் செல்லும் முதன்மை வழி 'சீக்' எனப்படும் மலையிடுக்காகும். இதன் நீளம் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர், சில இடங்களில் அகலம் மூன்று மீட்டர் மட்டுமே. புதிதாக வருபவரின் கண்கள் உயர்ந்த பாறைச் சுவர்களையே அண்ணாந்து பார்க்கும். இடமறிந்த ஒருவர் உடன் வந்தால், அச்சுவர்களின் ஓரமாகச் செல்லும் நீர் வாய்க்காலைக் காட்டுவார். சுட்ட மண்குழாய்கள் பதிக்கப்பட்ட தடத்தையும் காட்டுவார். தொலைவிலுள்ள ஊற்றுநீர் இவ்வழியாகவே நகரை அடைந்தது.

பாலைவனத்தில் நீர் இல்லாமை மட்டுமன்று, திடீர் வெள்ளமும் ஆபத்தே. ஆகையால், நபாத்தியர் சீக்கின் வாயிலில் அணை கட்டி, பாறையைக் குடைந்த சுரங்கம் வழியாக வெள்ளத்தைத் திருப்பிவிட்டனர். அந்த அணை பயனற்றுப் போயிருந்த 1963ஆம் ஆண்டில், சீக்கில் புகுந்த வெள்ளம் 20க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகளின் உயிரைப் பறித்தது. அதன் பின்னரே அங்கு மீண்டும் அணை கட்டப்பட்டது.

சீக் முடியும் இடத்தில், மலையிலேயே செதுக்கப்பட்ட 'அல் கஸ்னா' ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. இப்பெயருக்குக் 'கருவூலம்' என்பது பொருள். உச்சியிலுள்ள கல் தாழியில் புதையல் இருப்பதாக நம்பிச் சிலர் துப்பாக்கியால் சுட்டனர். அத்தடங்களை இன்றும் காணலாம். தாழியோ உள்ளீடற்றதன்று, முழுக் கல்லாகும். 2003இல் நடந்த அகழாய்வில் இதன் அடியில் கல்லறைகள் வெளிப்பட்டன.

யார் கண்டுபிடித்தது?

பர்க்ஹார்ட் இங்குத் தனியே வரவில்லை. முஸ்லிம் பயணியாக வேடமிட்டு, ஹாரூன் நபியின் அடக்கத்தலத்தில் ஆடு பலியிட நேர்ந்திருப்பதாகக் கூறி, உள்ளூர்வாசி ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தினார். அவருக்குக் கொடுத்த கூலி, பழைய குதிரை லாடங்கள் ஒரு சோடி. வழியெங்கும் நின்று நின்று பார்த்த அந்நியர்மீது வழிகாட்டிக்கு ஐயமும் எழுந்தது. வழி தெரிந்தவர் ஒருவர், 'கண்டுபிடித்தவர்' மற்றொருவர்! நம் பாடநூல்களில் அவ்வழிகாட்டியின் பெயர் இல்லை.

இக்கேள்வி 1812உடன் முடிந்துவிடவில்லை. பெட்ராவின் குகைகளில் தலைமுறைகளாக வாழ்ந்த ப்தூல் எனும் பெதுவின் மக்கள், 1985இல் உம் சைஹூன் என்ற புதிய குடியிருப்புக்கு மாற்றப்பட்டனர். அதே ஆண்டில்தான் யுனெஸ்கோ பெட்ராவை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2005இல், பெட்ரா மற்றும் வாடி ரம் பெதுவின் மக்களின் பண்பாட்டையே போற்றத்தக்க மரபாக யுனெஸ்கோ அறிவித்தது. கல்லைக் காக்கக் குடிமாற்றப்பட்டவர்களின் வாழ்வும் காக்கப்பட வேண்டியதே என்பது காலம் தாழ்ந்தே உணரப்பட்டது. இன்று அம்மக்களுள் பலர் வழிகாட்டிகளாகவும் சிறு வணிகர்களாகவும் அங்குப் பிழைக்கின்றனர்.

ஆகவே, பர்க்ஹார்ட் பெட்ராவைக் 'கண்டுபிடித்தார்' என்பதைவிட, அதை 'ஐரோப்பாவுக்கு அறிவித்தார்' என்று எழுதுவதே பொருந்தும். வரலாறு பயிலும் மாணவர்களாகிய நாம், ஒரு சொல்லைக் கையாளும் முன், அச்சொல் யாரை மறைக்கிறது என்றும் எண்ணிப் பார்த்தல் நலம்.