எண்களைக் கோடாக்கிப் பாருங்க!

"நான் ஆர்ட்ஸ் குரூப். கிராஃப் எல்லாம் நமக்கு வராது" என்று ஒதுங்குபவரா நீங்கள்? தரவுக் காட்சிப்படுத்தல் என்பது எண்களைப் படமாக்கிப் பார்ப்பது, அவ்வளவுதான். வரலாறு, சமூகவியல், இலக்கியம் படிப்பவர்களுக்கும் இது உதவும். கையில் இருக்கும் செல்போனே போதும்.

தமிழ்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்வோம். 1000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பதுதான் பாலின விகிதம். இது 1991-ல் 974, 2001-ல் 987, 2011-ல் 996.

செய்முறை:

1. கூகுள் ஷீட்ஸ் செயலியில் புதிய தாளைத் திறந்து, முதல் பத்தியில் ஆண்டையும் இரண்டாவதில் விகிதத்தையும் எழுதுங்கள். பத்திகளுக்குத் தலைப்பும் கொடுங்கள்.
2. எல்லாக் கட்டங்களையும் தேர்வு செய்து, மேலே உள்ள + குறியைத் தொட்டு, சார்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. வகைகளில் கோட்டு வரைபடத்தைத் தொடுங்கள்.

கோடு மேலே ஏறும். 'பரவாயில்லையே' என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்க! மூன்றாவது பத்தியில் 0 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கான விகிதத்தைச் சேருங்கள்: 948, 942, 943. மறுபடி வரையுங்கள். முதல் கோடு ஏறுது. இரண்டாவது கோடு இறங்கி, ஏறாம அப்படியே நிக்குது. மொத்த விகிதத்தில் தெரியும் முன்னேற்றம் பெண் குழந்தைகளிடம் வந்து சேரவில்லை என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

ஏன் இப்படி? அதைப் படம் சொல்லாது. பெண்களின் ஆயுள் கூடினாலும் மொத்த விகிதம் உயரும். குழந்தைகளின் விகிதத்துக்குக் காரணம் வேறு. ஊரில் விசாரித்து, ஆவணங்களைப் படித்துப் பதில் தேடுவது கலைப்பிரிவு மாணவரின் வேலை. எங்கே கேள்வி கேட்கணும் என்பதைக் காட்டுவதே படத்தின் வேலை.

வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் வந்தால் மூன்றைக் கவனியுங்கள்:

* இடப்பக்க அச்சு எந்த எண்ணில் தொடங்குகிறது? 974-லிருந்து 996 வரை போகும் கோடு, அச்சு 0-வில் தொடங்கினால் படுத்திருக்கும். 970-ல் தொடங்கினால் மலை ஏறும். எண்கள் அதேதான்!
* எந்த ஆண்டு, யார் எடுத்த கணக்கு என்று போட்டிருக்கிறதா?
* யாரைச் சேர்த்து எண்ணினார்கள், யாரை விட்டுவிட்டார்கள்?

இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத படத்தை ஃபார்வர்டு பண்ணாதீங்க. நீங்கள் வரையும் படத்தில் மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள்.