மலைநாட்டில் கோழிக்கூடு அமைக்கும் முறை

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் நெடுஞ்சாலையினின்று பிரிந்து சென்றால், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கிளென்மார்கனை அடையலாம். மலை விளிம்பிலுள்ள இவ்வூரில் ஆனி முதல் ஆவணி வரை மேல்காற்றும் மழையும் ஓய்வதில்லை. மார்கழியிலும் தையிலும் உறைபனி விழுகிறது. இத்தகைய இடத்தில், புறக்கடையில் பத்துக் கோழிகள் வளர்க்க விரும்பும் அங்கத்தினர் கூட்டை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

குளிரா, ஈரமா?

குளிருக்கு அஞ்சிக் கூட்டின் எல்லாப் பக்கங்களையும் சாக்குகளால் அடைத்துவிடுதலே நம்மில் பலர் செய்யும் பெரும்பிழை. குஞ்சுகளுக்கு வெப்பம் வேண்டும் என்பது உண்மையே. ஆனால், வளர்ந்த கோழிக்கு அதன் இறகே போர்வை. கம்பில் அமர்ந்து, இறகை உப்பி, விரல்களை வயிற்றால் மூடிக்கொண்டால் பனி இரவையும் அது தாங்கும். அது தாங்காதது ஈரமே. மூச்சினாலும் எச்சத்தினாலும் எழும் நீராவி வெளியேற வழியில்லையேல், தகரத்தில் படிந்து விடியற்காலையில் துளித்துளியாய்ச் சொட்டும். நனைந்த எச்சத்திலிருந்து அம்மோனியா வாயு கிளம்பிக் கண்ணையும் சுவாசப் பையையும் கெடுக்கும். அடைத்த ஈர அறையில் நூல் பூசணம் பிடிப்பதை நெசவாளர் நன்கறிவர். கோழியின் நிலையும் அதுவே.

அளவும் அமைப்பும்

பத்துக் கோழிகள் இரவில் தங்க 5 அடி நீளமும் 4 அடி அகலமும் போதும். நான்கு கால்கள் நாட்டித் தரையினின்று 2 அடி உயரத்தில் பலகைத் தளம் அமைக்க வேண்டும். மேற்குச் சுவர் இடைவெளியின்றி இருத்தல் நன்று. வாயில் கிழக்கு நோக்கியிருந்தால் காலை வெயில் உள்ளே விழும். கூரைத் தகரத்தை மேற்கே சரித்து, அதன் அடியில் பலகை வேய்ந்தால் நீர் சொட்டாது. மழைச்சாரல் புகாதபடி இறவாரத்தை ஓரடி நீட்டுக.

கூரைக்குச் சற்றுக் கீழே, எதிரெதிர்ப் பக்கங்களில் 6 அங்குலக் காற்றுவழி விடுதல் இன்றியமையாதது. அது கோழிகளின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். அப்பொழுதுதான் வாடைக்காற்று அவற்றின்மீது நேரே வீசாது. அமரும் கம்புகள் இரண்டினை, தளத்திற்கு மேல் 2 அடியில், ஓரடி இடைவெளியில் பொருத்துக. கம்பு 2 அங்குல அகலமும் மழுங்கிய விளிம்பும் உடையதாய் இருத்தல் வேண்டும். ஓரடிச் சதுரமான முட்டைப் பெட்டிகள் இரண்டு, கம்பினும் தாழ்வாக அமைதல் வேண்டும். தளத்தில் உலர்ந்த மரச்சீவலை 3 அங்குலம் பரப்பி, அடிக்கடி கிளறுக. கையில் பிடித்தால் கட்டியாகும் சீவலை அகற்றி மட்கவைத்தால் காய்கறித் தோட்டத்துக்கு நல்லுரமாகும்.

இரு எச்சரிக்கைகள்

அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழியைத் தடுக்குமேயன்றிக் கீரியையும் மரநாயையும் தடுக்காது. காற்றுவழிகளுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பி வலையே தக்கது. சிறுத்தை நடமாடும் மலையாதலால், கூட்டைத் தேயிலைப் புதரின் ஓரத்தில் வையாமல் வீட்டையொட்டி வைத்து, கதவுக்கு இரு தாழ்ப்பாள் இடுக. இரண்டாவதாக, கரியடுப்பை எக்காரணத்தாலும் கூட்டினுள் வைத்தல் ஆகாது. அதன் நச்சுப்புகை மணமின்றியே உயிர் வாங்கும்.

சோதனையும் கூட்டுமுயற்சியும்

கூடு சரியாக உள்ளதா என்றறிய எளிய வழி ஒன்றுண்டு. விடியுமுன் கதவைத் திறந்தவுடன், கம்பின் உயரத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள். கண் எரிந்தால் காற்றுவழி போதாது என்பது பொருள்.

நல்ல கூடும் வெள்ளைக்கழிச்சலைத் தடுக்காது. இமயமலைச் சாரலிலுள்ள ராணிகேத் ஊரின் பெயரால் வழங்கும் இந்நோய்க்குத் தடுப்பூசி ஒன்றே காப்பு. அம்மருந்தின் குப்பி நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலுமோ உரியது. கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் தனியே வாங்கினால் பெரும்பகுதி வீணாகும். பத்து வீட்டார் ஒரே நாளில் கூடினால் ஒரு துளியும் வீணாகாது. ஆகவே, கால்நடை மருத்துவரைக் கலந்து, சங்கத்தின் வாயிலாக ஒரு நாளைக் குறித்துக்கொள்வோமாக. கம்பி வலையையும் அவ்வாறே சுருளாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம்.