கோழி திருடியவர் கட்டிய மாளிகை



இரண்டாம் ஆண்டில் ஒருநாள் கட்டுமானப் பொருட்கள் வகுப்பு. "சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்புக்கல்லும் கிடையாது. களிமண் மட்டும்தான் இருக்கு. சுவர் எப்படிடா எழுப்புவ?" என்று கேட்டார் எங்கள் ஆசிரியர். நான் திருதிருவென முழித்தேன். "உங்க தாத்தா கொத்தனார்தானே, அவரையே கேட்டுட்டு வா" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கோ அவமானம்! தாத்தாவைக் கேட்கவில்லை, நூலகத்துக்குப் போனேன். அங்கே கிடைத்ததுதான் இந்தக் கதை.

கப்பலில் போன சிறைச்சாலை

அமெரிக்கா விடுதலை பெற்றபின், கைதிகளை அங்கே அனுப்ப இங்கிலாந்துக்கு வழியில்லை. சிறைகள் நிரம்பின, பழைய கப்பல்களிலும் கைதிகளை அடைத்தார்கள். கடைசியில் 1787 மே 13-ல் 11 கப்பல்கள் போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. அவற்றில் கைதிகள் மட்டும் 700-க்கும் மேல். 1788 ஜனவரி 26-ல் ஆர்தர் பிலிப் தலைமையில் சிட்னி கோவ் என்ற இடத்தில் கரையிறங்கினார்கள்.

வந்தவர்களுக்கு வீடு வேண்டுமே! கைதிகளில் தச்சு வேலை தெரிந்தவர்கள் வெறும் 12 பேர். அங்கிருந்த மரங்களோ இரும்பு மாதிரி. வெட்டினால் கோடாரி மழுங்கும். அறுத்த பலகை முறுக்கிக்கொள்ளும்.

செங்கல் தெரிந்த மனிதர்

அந்தக் கூட்டத்தில் ஜேம்ஸ் பிளட்வொர்த் என்றொரு கைதி இருந்தார். குற்றம் என்ன தெரியுமா? ஒரு சேவலும் இரண்டு கோழிகளும் திருடியது! தண்டனை ஏழு ஆண்டு நாடுகடத்தல். ஆனால் அவருக்குச் செங்கல் வேலை அத்துப்படி. அருகிலேயே நல்ல களிமண் கிடைத்தது. அங்கே சூளை போட்டார்கள். செங்கல் வேலைக்கு அவரே பொறுப்பாளரானார்.

வண்டி இழுக்க மாடு இல்லை, மனிதர்களே இழுத்தார்கள். ஒரு வண்டிக்கு 12 பேர். ஒரு நடைக்கு 350 செங்கல், நாளைக்கு ஐந்து நடை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு வண்டிக்கு 1,750 செங்கல்! அதுவும் அரைவயிற்றுக் கஞ்சியோடு. உணவு திருடியதற்காக முதல் மாதத்திலேயே ஒருவரைத் தூக்கிலிட்ட ஊர் அது.

சுண்ணாம்பு எங்கே?

செங்கல் கிடைத்தது, ஒட்ட வைக்கச் சுண்ணாம்பு இல்லை. வெறும் களிமண் சாந்தில் கட்டினால் சுவர் தடிமனாக இருக்க வேண்டும். அப்படியும் மழையில் கரைந்து சரியும். அதனால் கடற்கரையில் சிப்பி ஓடுகளைப் பொறுக்கி எரித்தார்கள். பெண் கைதிகளும் இந்த வேலை செய்தார்கள். ஓடு என்பது கால்சியம் கார்பனேட். எரித்தால் கரியமில வாயு போய்ச் சுட்ட சுண்ணாம்பு நிற்கும். நீர் விட்டு நீற்றிச் சாந்தாக்கினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடியும் கல்லாகும்.

அந்தச் சிப்பிக் குவியல்களில் பல, அம்மண்ணின் பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாக உண்டு போட்டவை. அவர்கள் நிலத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை. 1789-ல் பரவிய அம்மை நோயில் அம்மக்களில் ஏராளமானோர் மாண்டார்கள். எழும்பிய சுவரைப் பார்க்கும்போது இதையும் மறக்கக் கூடாது.

கைத்தொழிலின் மதிப்பு

1788 மே மாதம் ஆளுநர் மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பிளட்வொர்த் அதை இரண்டு மாடியாகக் கட்டினார். 1790-ல் அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. 1804-ல் இறந்தபோது இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். கோழி திருடனுக்கு இராணுவ மரியாதை! மாளிகையைப் பிற்காலத்தில் இடித்துவிட்டார்கள். ஆனால் 1983-ல் தோண்டியபோது அதன் அஸ்திவாரத்தின் எச்சங்கள் கிடைத்தன. இன்று அந்த இடத்தில் சிட்னி அருங்காட்சியகம் இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, விடுமுறையில் தாத்தாவிடம் ஆசிரியரின் கேள்வியைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "கடல் இருந்தா கிளிஞ்சல் இருக்கும்லடா, சுட்டுக்க வேண்டியதுதானே" என்றார். நான் ஒரு வாரம் தேடிய விடை அவர் கையிலேயே இருந்திருக்கிறது!

நண்பர்களே, நம்மில் சிலருக்கு அரியர் இருக்கலாம். சிலருக்குப் பழைய தவறு ஒன்று பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். கையில் தொழில் இருந்தால் அந்தப் பெயரை மாற்றி எழுதலாம். இப்போது யாராவது கேட்டால் தயங்காமல் சொல்கிறேன்: "ஆமாங்க, எங்க தாத்தா கொத்தனார்!"

– இறுதியாண்டு சிவில் மாணவன்